குறட்டை என்று விட்டுவிடாதீர்கள்: ஃபென்டனில் மூச்சை நிறுத்தும்போது வீட்டில் இருப்பவர் செய்ய வேண்டியது

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பார்மசியின் கவுண்டருக்குப் பின்னால் நிற்பதுதான் என் வேலை. மருந்தாளர் இல்லை, உதவியாள். போன மாரியில் ஒரு அன்ரி வந்தார். பிரஷர் குளிசையை வாங்கிய பிறகும் போகாமல், வாழ்த்து அட்டைகள் அடுக்கியிருந்த தட்டைச் சுற்றிச் சுற்றிப் பத்து நிமிடம் நின்றார். ஆள் குறைந்ததும் கிட்ட வந்து குரலை இறக்கி, "பிள்ளை, மூக்குக்குள்ள அடிக்கிற மருந்தொண்டு இருக்காம், உங்களிட்ட இருக்கோ?" என்றார். "இருக்கு அன்ரி, காசும் இல்லை" என்றேன். "எனக்கில்லை பிள்ளை, பக்கத்து வீட்டுப் பொடியனுக்கு." நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் பக்கத்து வீட்டுப் பொடியனுக்குத்தான் வாங்குகிறார்கள்.

பெட்டியைத் திறந்து காட்டினேன். ஃபென்டனில் போன்றவை நிறுத்திய மூச்சைத் திருப்பிக் கொண்டுவருகிற ஸ்ப்ரே அது. அவர் கேட்டதெல்லாம் நல்ல கேள்விகள், படித்த ஆட்களே கேட்க வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டுப் போகிற கேள்விகள். அன்றைக்குச் சொன்னதையும், பின்னால் வரிசை சேர்ந்துவிட்டதால் சொல்ல முடியாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் ஒருவரும் ஒன்றும் எடுப்பதில்லை என்றாலும் ஒருக்கால் வாசித்துவிடுங்கள். 2016 ஜனவரி தொடங்கி 2024 வரை கனடாவில் ஓபியாயிட் வகை மருந்துகளால், அதாவது அபின் போல வேலை செய்கிற வலிமருந்துகளால், இறந்தவர்கள் 50,000க்கு மேல். தெருவில் விழுந்து இறந்தவர்கள்தான் செய்தியில் வருகிறார்கள், ஆனால் பெரும்பாலானோர் இறந்தது வீட்டுக்குள், நாலு சுவருக்கு நடுவில், பல வேளை அடுத்த அறையில் ஆள் இருக்கும்போதே.

இது என்ன சாமான்

ஃபென்டனில் அந்த ஓபியாயிட்களில் ஒன்று. களவாகக் கண்டுபிடித்தது இல்லை. பெல்ஜியத்தில் பால் ஜான்சன் என்ற மருந்து விஞ்ஞானியின் ஆய்வுகூடத்தில் 1960 வாக்கில் உருவானது. இன்றைக்கும் உங்களுக்கு ஒரு ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுப்பவர் அநேகமாக இதைத்தான் ஏற்றுவார். மோர்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம். ஆஸ்பத்திரியில் இதை மில்லிகிராமில் அளப்பதில்லை, மைக்ரோகிராமில் அளப்பார்கள், அதாவது மில்லிகிராமை ஆயிரமாகப் பிரித்து அதில் ஐம்பது, நூறு பங்கு. பழக்கமில்லாத ஒருவரை 2 மில்லிகிராம் கொல்லலாம் என்பது அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு முகமை சொல்லும் கணக்கு. பென்சில் முனையில் ஒட்டிக்கொண்டிருக்கும் தூள் அளவு அது. இதன் தம்பி கார்ஃபென்டனில், யானை போன்ற பெரிய மிருகங்களை மயக்க எடுப்பது, ஃபென்டனிலைவிட இன்னும் 100 மடங்கு.

ஆஸ்பத்திரியில் இது ஆபத்தில்லாமல் இருப்பதற்குக் காரணம், அளந்து கொடுக்க ஒருவர், மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர், நின்றால் மூச்சுக் கொடுக்க ஒரு மெஷின். பேஸ்மென்ட்டில் இந்த மூன்றும் இல்லை. களவாகச் செய்பவன் ஏதோ ஒரு தூளோடு இதைப் போட்டுக் கலக்குகிறான். புட்டுக்கு மா குழைக்கும்போது உப்புக் கரையாமல் போனால் என்ன நடக்கும்? ஒரு வாய் சப்பென்றிருக்கும், அடுத்த வாயில் உப்புக்கட்டி கடிபடும். அதேதான் இங்கேயும். ஒரே பொட்டலத்தில் ஒரு மூலையை எடுத்தவன் எழும்பி நடக்கிறான், மற்ற மூலையை எடுத்தவன் எழும்புவதில்லை. "நேற்றும் இதே ஆளிடம்தான் வாங்கினான், ஒன்றும் நடக்கவில்லையே" என்ற பேச்சுக்கு அர்த்தமே இல்லாமல் போவது இதனால்தான்.

குளிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்களிடம் "தூள்தானே கெட்டது, குளிசை டொக்டர் கொடுப்பதுதானே" என்ற எண்ணம் இருக்கிறது. பொடியன்கள் 'பேர்க்' என்று கைமாற்றுகிற நீல வட்டக் குளிசை, ஒரு பக்கம் 30 என்று அடித்திருக்கும், அதை மருந்துக் கம்பெனி செய்ததா பேஸ்மென்ட்டில் அச்சு வைத்து அமுக்கியதா என்று பார்த்துச் சொல்ல என்னாலேயே முடியாது, நாள் முழுக்கக் குளிசை எண்ணுகிற எனக்கு. பாடகர் பிரின்ஸ் 2016 ஏப்ரல் 21ஆம் திகதி இறந்தது இப்படித்தான்: விக்கோடின் என்ற வலிக்குளிசை என்று நம்பி அவர் எடுத்தது போலி, உள்ளே இருந்தது ஃபென்டனில். அமெரிக்காவில் 2023இல் பிடிபட்ட ஃபென்டனில் போலிக் குளிசைகளைச் சோதித்தபோது 10க்கு 7இல் உயிரை எடுக்கக்கூடிய அளவு இருந்தது. பரீட்சைக்கு முதல்நாள் நித்திரை வரவில்லை என்று சிநேகிதனிடம் ஒரு குளிசை வாங்கிப் போடுகிற பிள்ளைக்கு நடக்கக்கூடியது இது. அந்தப் பிள்ளையை நீங்கள் 'போதைக்காரன்' என்ற பெட்டிக்குள் போட்டிருக்கவே மாட்டீர்கள்.

எது கொல்கிறது

மூச்சு நிற்பது. அவ்வளவுதான். இதயத்தையோ ஈரலையோ இது நேரே தாக்குவதில்லை. நீங்கள் மூச்சை அடக்கிப் பாருங்கள். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் நெஞ்சு தானாக இழுக்கும். உடம்பில் கரியமில வாயு ஏறுவதை மூளையின் அடித்தண்டு கண்டுபிடித்துக் கொடுக்கிற தவிப்பு அது. ஃபென்டனில் அந்தத் தவிப்பையே அணைத்துவிடுகிறது. வாயு ஏறிக்கொண்டே போகும், மூளைக்கு அவசரமே தோன்றாது. அதனால் திணறல் இல்லை, கை கால் அடிப்பதில்லை, "அம்மா" என்று கூப்பிடுவதில்லை. சுகமாக நித்திரை கொள்வது போலவே இருக்கும். பிராணவாயு இல்லாமல் 4 முதல் 6 நிமிடத்துக்குள் மூளை பழுதாகத் தொடங்கிவிடும், அம்புலன்ஸ் அதற்குள் வருமா என்பது டிராஃபிக்கின் கையில்.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது. கொல்வது மூச்சு நிற்பது மட்டும்தான் என்றால், மூச்சை மட்டும் ஓடவைத்துக்கொண்டிருந்தால் ஆள் பிழைப்பார். பின்னால் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது

அன்ரி கேட்ட முதல் கேள்வி: "நித்திரையா இதுவா என்று எப்படிப் பிள்ளை தெரியும்?"

சத்தத்தைக் கேளுங்கள். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வழக்கமில்லாத ஒரு குறட்டை, இழுத்து, நிறுத்தி, தொண்டையில் தண்ணீர் கொப்பளிப்பது போல ஒரு கரகரப்போடு வரும். தாய் கதவைத் திறந்து பார்க்கிறார், மகன் குறட்டை விடுகிறான், களைத்துப்போய்ப் படுத்திருக்கிறான் பாவம் என்று போர்வையை இழுத்துவிட்டு லைட்டை அணைத்துவிட்டுப் போகிறார். அந்தக் குறட்டை குறட்டையே இல்லை, தளர்ந்துபோன நாக்கும் தொண்டையும் வழியை அடைக்கிற சத்தம். விடிய வந்து பார்க்கும்போது உடம்பு குளிர்ந்திருக்கும். இதை எழுதவே கை கூசுகிறது, ஆனால் எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையே வேண்டாம்.

அடுத்தது மூச்சை எண்ணுங்கள். நெஞ்சையும் வயிற்றையும் பார்த்தபடி மணிக்கூட்டைப் பிடித்து எண்ண வேண்டும். வளர்ந்த ஒருவர் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுவார். 5, 6 விநாடிக்கு ஒன்றுகூட இல்லை என்றால் அது நித்திரை இல்லை.

நிறத்தைப் பற்றி இங்குள்ள கையேடுகளில் 'உதடு நீலமாகும்' என்று எழுதியிருப்பார்கள். வெள்ளைத் தோலுக்கு எழுதியது அது. எங்கள் தோலில் நீலம் தெரியாது. சாம்பல் பூசினது போல ஒரு வெளிறல், உதடு கருமை கூடி மங்கும். உள்ளுதட்டை இழுத்துப் பாருங்கள், முரசைப் பாருங்கள், நகக்கண்ணைப் பாருங்கள், உள்ளங்கையைப் பாருங்கள், அங்கேதான் முதலில் தெரியும். கண்ணிமையை உயர்த்தினால் கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கும், ஆனால் வேறு மருந்து கலந்திருந்தால் சுருங்காமலும் இருக்கலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம். உடம்பு துவண்டு கிடக்கும். ஃபென்டனிலில் சில வேளை அதற்கு நேர் எதிராக நெஞ்சும் தாடையும் மரம் மாதிரி விறைத்துப்போவதும் உண்டு.

சந்தேகம் என்றால் எழுப்பிப் பாருங்கள். பெயர் சொல்லிக் கத்துங்கள். தோளை உலுப்புங்கள். பிறகு விரல்களை மடக்கி, முட்டியால் நடு நெஞ்செலும்பில் அழுத்தித் தேயுங்கள், நோகத்தான் தேய்க்க வேண்டும். நித்திரையில் இருப்பவன் தூஷணத்தால் பேசிக்கொண்டு எழும்புவான், நல்லது, சண்டை பிடிக்கட்டும். எழும்பாவிட்டால் இனி யோசிக்க நேரமில்லை.

செய்ய வேண்டியது

முதலில் 911, அவசர உதவி எண். கைத்தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள், இரண்டு கையும் உங்களுக்கு வேண்டும். இங்கிலீஷ் தடுமாறினால் 'நாட் ப்ரீதிங்' என்ற இரண்டு சொல்லும் முகவரியும் போதும். 'தமிழ்' என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து இணைப்பார்கள், அதற்காகக் காத்திருக்கும்போதே முகவரியைச் சொல்லிவிடுங்கள். பேஸ்மென்ட் என்றால் பக்கவாசல் எது என்றும் சொல்லுங்கள், வீட்டில் வேறு யாரும் இருந்தால் வெளிலைட்டைப் போட்டுவிட்டு ரோட்டில் போய் நிற்கச் சொல்லுங்கள்.

பிறகு அந்த ஸ்ப்ரே. நலோக்சோன் என்பது மருந்தின் பெயர், நார்க்கான் என்பது கம்பெனி வைத்த பெயர். ஃபென்டனில் மூளையில் போய் உட்காரும் அதே கதிரையில் இது போய் அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும், தான் ஒரு போதையும் கொடுக்காமல். அமெரிக்காவில் 1961இல் காப்புரிமைக்கு எழுதப்பட்டு, 1971இலிருந்து ஆஸ்பத்திரிகளில் இருக்கிற பழைய மருந்து. பொதுமக்கள் கையில் மூக்கில் அடிக்கிற வடிவில் வந்துதான் கொஞ்ச வருடம்.

ஆளை மல்லாக்கக் கிடத்துங்கள். வாய்க்குள் ஏதும் இருந்தால், சுவிங்கமோ சாப்பாடோ, எடுத்துவிடுங்கள். ஒரு கையைக் கழுத்துக்குக் கீழே கொடுத்துத் தலையைப் பின்னுக்குச் சாயுங்கள். ஸ்ப்ரேயின் அடியில் இருக்கும் சிவப்பு அமுக்கியில் பெருவிரல், முனையின் இரண்டு பக்கமும் சுட்டு விரலும் நடு விரலும். முனையை ஒரு நாசிக்குள், உங்கள் விரல்கள் அவருடைய மூக்கில் முட்டும் வரைக்கும் விடுங்கள். பெருவிரலால் ஒரே அமுக்கு. வேலை முடிந்தது.

ஒரு எச்சரிக்கை, இது வடிவாக மனதில் இருக்கட்டும்: அடித்துச் சரிபார்க்கக் கூடாது. மூக்கடைப்புக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை முதலில் காற்றில் இரண்டு தரம் அமுக்கிப் பார்ப்போமே, அந்தப் பழக்கத்தில் இதையும் அமுக்கினால் போச்சு. ஒரு ஸ்ப்ரேயில் ஒரே ஒரு அடிதான் இருக்கிறது, 4 மில்லிகிராம். பெட்டியில் இரண்டு ஸ்ப்ரே தருவது ஒன்று பழக, ஒன்று பாவிக்க என்று நினைத்து ஒருவர் வீட்டில் கோடியில் நின்று அடித்துப் பார்த்துவிட்டு வந்து இன்னொன்று கேட்டார். கொடுத்தோம்.

"மூச்சே இல்லாதவன் எப்படிப் பிள்ளை மருந்தை உறிஞ்சுவான்?" அன்ரியின் அடுத்த கேள்வி. உறிஞ்சத் தேவையில்லை. மூக்கின் உட்தோலே மருந்தை இழுத்து இரத்தத்துக்கு அனுப்பிவிடும்.

அதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். அந்த நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கக் கூடாது, மூச்சு நீங்கள் கொடுக்க வேண்டும். பெட்டிக்குள் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் மறைப்பு இருக்கும், வாயில் வைப்பதற்கு. தலையைப் பின்சாய்த்து, நாடியை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, உங்கள் வாயால் ஊதுங்கள், நெஞ்சு உயர வேண்டும். உயராவிட்டால் தலை சரியாகச் சாயவில்லை, திருத்திச் சாயுங்கள். 5 விநாடிக்கு ஒரு மூச்சு, அவ்வளவுதான், அவசரப்பட்டு ஊதித் தள்ள வேண்டாம். 911இல் இருப்பவர் நெஞ்சை அமுக்கச் சொன்னால் அமுக்குங்கள், அவர் எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருப்பார். 2, 3 நிமிடத்தில் அசைவில்லை என்றால் மற்ற நாசியில் இரண்டாவது ஸ்ப்ரே. மறுபடி மூச்சு.

மூச்சுத் திரும்பியதும் ஆளைப் பக்கவாட்டில் திருப்புங்கள். மேல்கால் முழங்காலை மடக்கி முட்டுக் கொடுத்து, மேல்கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்து, வாய் நிலத்தைப் பார்க்க. சத்தி எடுத்தால் வெளியில் போகும், நாக்கு விழுந்து வழியை அடைக்காது. சின்ன விஷயமாகத் தெரியலாம். 2002 அக்டோபரில் மாஸ்கோவில் ஒரு தியேட்டரில் நூற்றுக்கணக்கானோரைப் பணயமாகப் பிடித்து வைத்திருந்தபோது ரஷ்யப் படை உள்ளே ஒரு வாயுவை அடித்தது. பத்து வருடம் கழித்து வெளியான பிரித்தானிய ஆய்வில், தப்பி வந்தவர்களின் உடுப்பிலும் சிறுநீரிலும் கார்ஃபென்டனிலும், அதே குடும்பத்து ரெமிஃபென்டனிலும் இருந்ததற்கான தடயம் கிடைத்தது. பணயக்கைதிகளில் 130 பேர் அளவில் இறந்தார்கள், கிட்டத்தட்ட எல்லோரும் அந்த வாயுவால். மயங்கியவர்களைத் தூக்கி வந்து வெளியில் மல்லாக்கக் கிடத்தியிருந்தார்கள், என்ன மருந்து என்று டொக்டர்களுக்கும் சொல்லவில்லை. திருப்பிப் படுக்கவைத்திருந்தாலே எத்தனை பேர் பிழைத்திருப்பார்களோ என்று இந்த நிலையைப் பழக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

ஆள் எழும்பின பிறகு

உங்களைக் கும்பிட மாட்டான். நலோக்சோன் போதையை ஒரேயடியாக உருவி எடுத்துவிடுவதால் உடம்பு முழுக்க உளைவு, நடுக்கம், சத்தி, கோபம். "ஏன்டா இதை அடிச்சனி" என்று கத்துவான், எழும்பி வெளியில் போகப் பார்ப்பான், இன்னும் கொஞ்சம் எடுத்தால் இந்த உளைவு போகும் என்றும் நினைப்பான். விடாதீர்கள். நலோக்சோன் 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும். ஃபென்டனில் அதற்கு மேலும் உடம்பில் கிடக்கலாம். மருந்து இறங்கினதும் அது பழையபடி கதிரையில் வந்து உட்கார்ந்து, மூச்சு இரண்டாம் தரமும் நின்றுபோகும். அதனால்தான் எழும்பி உட்கார்ந்து கதைக்கிறானே என்று அம்புலன்ஸைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறேன். போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் குறைந்தது இரண்டு மணித்தியாலம் பக்கத்தில் ஒருவர் முழித்திருக்க வேண்டும்.

சில வேளை மூச்சு வந்துவிடும், ஆள் எழும்ப மாட்டான். இது இப்போது கூடிக்கொண்டு வருகிறது. காரணம், தூளில் வேலியம் குடும்பத்து மருந்துகளும், சைலசின், மெடெட்டோமிடின் போன்ற மிருக வைத்தியத்து மயக்க மருந்துகளும் கலந்து வருவது. நலோக்சோன் இவற்றில் வேலை செய்யாது. ஸ்ப்ரே பிழையில்லை. அது ஃபென்டனிலைத் தள்ளிவிட்டது, மற்ற மயக்கம் இருக்கிறது. ஆள் கண் திறக்கவில்லையே என்று மூன்று, நாலு, ஐந்து என்று அடித்துக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லை. உங்களுக்கு வேண்டியது கண் திறப்பது இல்லை, மூச்சு. மூச்சு ஒழுங்காக ஓடினால் பக்கவாட்டில் படுக்கவைத்து, எண்ணிக்கொண்டு, அம்புலன்ஸுக்குக் காத்திருங்கள்.

நிட்டாசீன் என்று இன்னொரு கூட்டமும் இருக்கிறது. 1950களில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா கம்பெனி கண்டுபிடித்து, மருந்தாக ஒருநாளும் விற்பனைக்கு வராமல் காகிதத்தில் கிடந்தவை, 2019 அளவில் களவுச் சந்தையில் தலை காட்டத் தொடங்கின. சிலது ஃபென்டனிலைவிடக் கடுமை. நலோக்சோன் இதற்கு வேலை செய்யும், ஆனால் ஃபென்டனில் சோதிக்கிற பட்டை இதைக் காட்டாது. பட்டை ஒரு கோடு காட்டுகிறதா இரண்டு கோடு காட்டுகிறதா என்று பார்த்து நிம்மதியடைகிற பிள்ளைகளுக்கு இதைத் தெரியப்படுத்துங்கள்.

செய்யக் கூடாதவை என்று நீட்டி எழுத விருப்பமில்லை, எல்லாம் ஒரே பிழையின் பல வடிவம்: நேரத்தை வீணாக்குவது. தேசிக்காய்த் தண்ணி, மோர், கறுப்புக் கோப்பி, எல்லாம் சாராய வெறிக்குக் கேள்விப்பட்டது. மயங்கிக் கிடப்பவன் வாயில் எதை ஊற்றினாலும் சுவாசப்பைக்குள்தான் போகும். குளிர்ந்த தண்ணியில் குளிக்கவைப்பது, விரலை விட்டுச் சத்தி எடுக்கவைப்பது, கன்னத்தில் அறைவது, ஒன்றும் வேண்டாம். எல்லாவற்றிலும் மோசம் 'நித்திரை கொண்டு எழும்பட்டும்' என்று விடுவது.

தொட்டால் உங்களுக்கும் ஏறிவிடும் என்று வாட்ஸப்பில் வருகிற வீடியோக்களை நம்பிக் கிட்டப் போகாமல் நிற்காதீர்கள். தோல் வழியாக அப்படிச் சட்டென்று ஏறாது. வலிக்குத் தோலில் ஒட்டுவதற்கென்றே செய்த ஃபென்டனில் ஒட்டுக்குக்கூடத் தோல் வழியே இரத்தத்தில் சேர மணிக்கணக்கு வேண்டும். கையுறை பெட்டியில் இருக்கிறது, போடுங்கள், தூள் பட்டால் சோப்பும் தண்ணியும் போட்டுக் கழுவுங்கள், அவ்வளவுதான்.

பொலிஸ் பயம்

அன்ரி இதைக் கேட்கவில்லை, ஆனால் வாய்வரை வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. 2017 மே மாதத்திலிருந்து கனடாவில் ஒரு சட்டம் இருக்கிறது: மருந்து கூடி விழுந்தவருக்காக 911 அழைத்தவரையும், விழுந்தவரையும், அங்கே இருந்தவர்களையும் சொந்தப் பாவனைக்கு வைத்திருந்தார்கள் என்று குற்றம் சாட்ட முடியாது. விற்றதற்கும் வேறு குற்றத்துக்கான பிடியாணைக்கும் இது பொருந்தாது. சனம் என்ன கதைக்கும் என்ற பயத்துக்குச் சட்டம் ஒன்றும் செய்ய முடியாது, வாசலில் அம்புலன்ஸ் நின்றால் எதிர்வீட்டுக்காரர் திரையை விலக்கிப் பார்ப்பார்தான், பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஊருக்கு அனுப்பித் திருத்துவது

இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. பொடியன் பழுதாகிவிட்டான் என்று தெரிந்ததும் ஆறு மாதம் ஊரில் மாமா வீட்டில் விட்டால் சரி என்று டிக்கெட் போடுகிறார்கள். அல்லது அறையில் பூட்டி வைத்து நிறுத்தவைக்கிறார்கள். நிறுத்துகிறான், உண்மைதான். ஆனால் உடம்பு மருந்தைத் தாங்கும் பழக்கத்தைச் சில நாளிலேயே இழக்கத் தொடங்கிவிடும். திரும்பி வந்து, பழைய சிநேகிதனைக் கண்டு, பழைய அளவை ஒருநாள் எடுக்கிறான், ஒரே ஒருநாள். ஜெயிலிலிருந்து வந்த முதல் கிழமைகள், மறுவாழ்வு நிலையத்திலிருந்து வந்த முதல் கிழமைகள், ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கிடந்து வந்த பிறகு, இந்த நாட்கள்தான் மிக ஆபத்து. பிள்ளை 'நல்லாகி' வீட்டுக்கு வரும் அன்றைக்குத்தான் அந்தப் பெட்டி வீட்டில் இருக்க வேண்டும். "இப்ப என்னத்துக்கு, அவன் விட்டிட்டான்" என்பதைவிடப் பிழையான கணக்கு கிடையாது.

ஒழுங்கான வழி மெதடோன், புப்ரனோர்ஃபின். இரண்டும் ஓபியாயிட்தான், ஆனால் அளந்து கொடுப்பது, உளைவை நிறுத்தி உயிரைக் காப்பது. 'ஒரு போதைக்கு இன்னொரு போதை' என்று பெற்றோர் முகம் சுழிப்பதைப் பார்த்திருக்கிறேன். பிரஷருக்கு நாளாந்தம் குளிசை போடுவதை அப்படிச் சொல்கிறோமா? ஒன்ராறியோவில் இதற்கென்றே விரைவு கிளினிக்குகள் இருக்கின்றன, குடும்ப டொக்டரின் கடிதம் இல்லாமலே போகலாம். கிட்ட எது இருக்கிறது என்று கேட்க கனெக்ஸ் ஒன்ராறியோ, 1-866-531-2600, எந்த நேரமும்.

இன்னும் நிறுத்தாத பிள்ளையிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: தனிய எடுக்காதே, அறைக் கதவைப் பூட்டாதே. இதைச் சொல்வது சம்மதம் கொடுப்பது போல இருக்கிறதே என்று தாய்மார் கேட்கிறார்கள். பூட்டிய கதவுக்கு உள்ளே இருப்பவனுக்கு ஸ்ப்ரே அடிக்க ஒருவராலும் முடியாது.

அம்மம்மாவின் ஒட்டு

இது களவுச் சாமான் இல்லை, டொக்டர் எழுதிக் கொடுத்தது, ஆனாலும் இதே ஃபென்டனில்தான். புற்றுநோய் வலிக்குத் தோலில் ஒட்டுவது, ஒன்று மூன்று நாளைக்கு. சூடு பட்டால் மருந்து வேகமாக இறங்கும். நாரி நோகுது என்று அம்மம்மாவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும், ஹீற்றிங் பாட் வைப்பதும், சுடச்சுடத் தலைமுழுக்காட்டுவதும் எங்கள் வீடுகளில் அன்புக்கு அடையாளம். ஒட்டு இருக்கிற உடம்பில் அதுவே ஆபத்து. காய்ச்சல் அடித்தாலும் டொக்டருக்குச் சொல்லுங்கள். மூன்று நாள் முடிந்து கழற்றிய ஒட்டில் இன்னும் நிறைய மருந்து மிச்சம் இருக்கும். தவழ்கிற குழந்தை எடுத்து வாயில் வைத்தாலோ உடம்பில் ஒட்டிக்கொண்டாலோ போதும். ஒட்டுகிற பக்கம் உள்ளே வர இரண்டாக மடித்து, குப்பையில் போடாமல் பார்மசிக்குக் கொண்டுவாருங்கள். ஒன்ராறியோவில் 2016 அக்டோபரிலிருந்து பழையதைத் தந்தால்தான் புதியது தர வேண்டும் என்பது சட்டமே. ஒருவரும் போதை எடுக்காத இந்த வீட்டிலும் நலோக்சோன் பெட்டி ஒன்று இருக்க வேண்டும். குழந்தைக்கும் அடிக்கலாம், கர்ப்பிணிக்கும் அடிக்கலாம். ஃபென்டனில் இல்லாமல் வேறு வருத்தத்தால் மயங்கியவருக்கு அடித்தாலும் அதனால் கெடுதல் வராது.

பெட்டியை எங்கே வைப்பது

ஒன்ராறியோவில் பெரும்பாலான பார்மசிகளில் இலவசம், மருந்துச்சீட்டு வேண்டாம். யாருக்கு என்று காரணம் சொல்லத் தேவையில்லை, பக்கத்து வீட்டுப் பொடியனும் தேவையில்லை. அறை வெப்பத்தில் இருக்கட்டும். கார் டாஷ்போர்டுக்குள் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள், ஜனவரி இரவில் மைனஸ் 15க்குக் கீழே போனால் உள்ளே உறைந்துவிடும், அவசரத்துக்கு அமுக்கினால் வராது. உறைந்தது கரைந்தால் பாவிக்கலாம், ஆனால் கரையும் வரைக்கும் காத்திருக்க அங்கே நேரம் இருக்காது. திகதி முடிந்தது மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் அதையே அடியுங்கள், ஒன்றுமில்லாததைவிட எவ்வளவோ மேல்.

அன்ரி பெட்டியைக் கைப்பைக்குள் அடியில் வைத்து மேலே பிரஷர் குளிசைப் பையை வைத்து மூடினார். சாமியறையில் வைக்கலாமா என்று கேட்டார். கதவு பூட்டுகிற அறை வேண்டாம் அன்ரி, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கள் என்றேன். இரண்டு கிழமை கழித்து கடைக்கு ஒரு போன். குசினியில் மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாராம், அடுப்புச் சூடு பிடிக்குமா என்று கேட்டார். கொஞ்சம் தள்ளி, பிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் கொழுவச் சொன்னேன்.